எந்த முன்பக்கத்துக்கு எந்தக் கை? பேட்டர்ன்களைச் சேர்த்து வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் தையல் பழக வரும் பெண் போன வாரம் ஒரு பெரிய துணிப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். எல்லாம் பேட்டர்ன்கள், அதாவது துணிமேல் வைத்து வெட்டுவதற்கான தாள் வடிவங்கள். சுருட்டிய தாள்கள், எட்டாக மடித்த தாள்கள், குத்திய குண்டூசி குத்தியபடியே இருக்கும் தாள்கள். அந்தக் குவியலிலிருந்து சட்டைக் கைக்கான ஒரு துண்டை உருவி, "அக்கா, இது எந்தச் சட்டைக்கு வெட்டினதுன்னே தெரியலை. ஆனா இந்தக் கை ரொம்ப நல்லா உட்கார்ந்துச்சு" என்றாள். தையல் ஆரம்பித்த காலத்தில் என் அலமாரியும் இதே நிலையில்தான் இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஈரம் படாமல் வை, எலி நுழையாமல் பார்த்துக்கொள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூலத்தாளிலேயே கத்தரி வைப்பது

இப்போது வரும் பேட்டர்ன்களில் ஒரே தாளில் ஐந்தாறு அளவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அச்சாகியிருக்கும். 1863-இல் அமெரிக்கத் தையல்காரர் எபனேசர் பட்டரிக் அளவு வாரியாகப் பேட்டர்ன் விற்கத் தொடங்கிய காலத்தில், வாங்கும் பேட்டர்ன் ஓர் அளவுக்கானது. வெட்டினாலும் போவதற்கு ஒன்றுமில்லை. இன்று 12-ஆம் அளவுக் கோட்டில் வெட்டினால் 14, 16, 18 மூன்றும் துண்டுதுண்டாகக் குப்பைக்குப் போகும். குழந்தைகள் உடுப்பென்றால் ஒரே வருடத்தில் அடுத்த அளவு தேவைப்படும். மூலத்தை மேசைமேல் விரித்து, மேலே ஒளி ஊடுருவும் தாளை வைத்து, வேண்டிய அளவை மட்டும் பிரதி எடுங்கள். அரைமணி நேர வேலை. நாட்ச் (துண்டுகளைப் பொருத்தும் அடையாளம்), டார்ட் (துணியைக் கூராக மடித்துத் தைக்கும் இடம்) முனை, நேர் நூல் கோடு (துணியின் நீள நூலோடு ஒத்து நிற்க வேண்டிய கோடு) மூன்றையும் விட்டுவிடாமல் எடுக்க வேண்டும்.

தாளில் எழுதாமல் வைப்பது

இது இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு. நானும் செய்தேன், பழக வருகிறவர்களில் பெரும்பாலோரும் செய்கிறார்கள். பிரதி எடுத்த தாளை வெட்டி முடித்ததும் "இது என்னன்னு எனக்குத் தெரியாதா" என்று தோன்றும். அன்றைக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்துத் தெரியாது.

தங்கைக்கு ஒரு நீள மேல்சட்டை தைத்தேன். மூன்று மீட்டர் சாம்பல் நிற லினன், அந்தச் சாயத்தில் மறுபடி கிடைக்காத துணி. அதே பேட்டர்னில் அதற்கு முன்பே இரண்டு முறை வேலை செய்திருந்தேன். முதல் முறை தையல் கோட்டை மட்டும் பிரதி எடுத்து, மார்ஜினை, அதாவது தையலுக்கு வெளியே விடும் கூடுதல் ஓரத்தை, துணியிலேயே சாக்பீஸால் சேர்த்து வெட்டினேன். இரண்டாம் முறை வேலை சுலபமாகட்டும் என்று சுற்றிலும் 1.5 செ.மீ. மார்ஜின் சேர்த்தே தாளை வரைந்தேன். இரண்டு தொகுப்பும் ஒரே கவருக்குள் போயின. எதிலும் ஓர் எழுத்து இல்லை.

லினனை விரித்து, கவரிலிருந்து கைக்கு வந்த முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வைத்து வெட்டினேன். 1.5 செ.மீ. வித்தியாசம் தனித்தாளில் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தும்போதுதான் முன்பக்கத்தின் பக்க ஓரம் மேலும் கீழுமாக 3 செ.மீ. குட்டையாக நின்றது. முன்பக்கம் பழைய தாள், பின்பக்கம் புதிய தாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கத்தில் பக்க ஓரங்கள் இரண்டு, பட்டன் வரும் திறப்பு ஓரங்கள் இரண்டு. நான்கிலும் 1.5 செ.மீ. வீதம் 6 செ.மீ. போயிற்று. தோளிலும் கைக்குழியிலும் போனது தனி. மிச்சத் துணியில் இன்னொரு முன்பக்கத்துக்கு இடமில்லை. தங்கை "பரவாயில்லைக்கா" என்றாள். அந்த லினனின் மீதித் துண்டு இன்றும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

பேட்டர்ன் வரும் இடத்தைப் பொறுத்து இந்தக் குழப்பம் இன்னும் கூடும். உறையில் வரும் அமெரிக்கப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் 1.5 செ.மீ. மார்ஜினைச் சேர்த்தே அச்சிடுகின்றன. ஜெர்மனியின் புர்டா இதழோடு வந்த பல தாள்களில் இருப்பது தையல் கோடு மட்டும். மார்ஜினை நாம்தான் சேர்க்க வேண்டும். தாமே வரைந்து விற்பவர்களில் 1 செ.மீ. விடுபவர்களும் உண்டு. இந்த மூன்றையும் பிரதி எடுத்து ஒரே அலமாரியில் வைத்தால், பார்த்தமாத்திரத்தில் பிரித்தறிய வழியே கிடையாது.

மெல்லிய டிஷ்யூ தாளில் வந்த பழைய பேட்டர்ன்களைக் கையில் எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 1920-ஐ ஒட்டி அமெரிக்காவின் மெக்கால் நிறுவனம் அச்சிட்ட பேட்டர்ன்களைக் கொண்டுவரும் வரை, அந்தத் தாள்களில் அச்சான கோடும் கிடையாது, எழுத்தும் கிடையாது. குத்திய துளைகள்தான் எல்லாம். எந்தத் துளை டார்ட், எந்தத் துளை நேர் நூல் என்பதற்கான விளக்கம் தனியாக இருக்கும். அது தொலைந்துவிட்டால் அந்தத் தாள் ஊமை. நாம் எழுதாமல் வைக்கும் பிரதிக்குத் துளைகூட இல்லை.

ஆகவே தாள் மேசையில் இருக்கும்போதே, கத்தரியை எடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு துண்டிலும் எழுதுங்கள். உடுப்பின் பெயர், துண்டின் பெயர், "7-இல் 3" என்று எண், துணியில் எத்தனை வெட்ட வேண்டும், எந்த ஓரம் மடிப்பில் வரும், யாருக்கு, தேதி. மார்ஜின் உண்டா இல்லையா, உண்டென்றால் எவ்வளவு என்பதைக் கட்டம் கட்டி எழுதுங்கள். முன்பக்கத் துண்டில் மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். துண்டுகள் பிரிந்துபோகும், அப்போது காலர் துண்டு தனக்காகத் தானே பேச வேண்டும். அன்றைய மார்பு, இடுப்பு அளவைப் பெரிய துண்டின் மூலையில் குறித்தால் அடுத்த முறை டேப்பை எடுத்ததும் ஒப்பிடலாம். "தோள் 1 செ.மீ. குறைத்தது" என்பது போன்ற திருத்தங்களையும் அங்கேயே எழுதலாம். பென்சில் நல்லது. சில பேனா மை இஸ்திரிச் சூட்டில் துணிக்கு இறங்கிவிடும்.

திருத்திய தாள் வந்த பிறகு பழைய தாளைக் கவரில் விட்டு வைக்காதீர்கள். பிரிய மனமில்லை என்றால் குறுக்கே பெரிதாக "பழையது" என்று எழுதி வேறு கவரில் போடுங்கள். ஒரு கவருக்குள் இரண்டு முன்பக்கம் இருக்கவே கூடாது.

குண்டூசியோடு மடித்து வைப்பது

துருப்பிடிக்கும். துரு தாளோடு நிற்காது, துணிக்கும் ஏறும்.

செலோ டேப்

கிழிந்த டிஷ்யூவுக்கு முதலில் கை நீளுவது இதற்குத்தான். சில வருடங்களில் மஞ்சளாகி, பசை ஓரத்தில் கசிந்து, மேலே உள்ள தாளையும் பிடித்துக்கொள்ளும். பிரிக்கப் போனால் இரண்டும் கிழியும். மடிப்பு எடுக்க இஸ்திரி போட்டால் டேப் சுருங்கித் தாளையும் இழுக்கும். கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய தாள் துண்டைப் பசையால் ஒட்டினால் போதும். டிஷ்யூவை இஸ்திரி போடுவதென்றால் குறைந்த சூடு. நீராவி வேண்டாம், தாள் சுருங்கி அளவே மாறிவிடும்.

ரப்பர் பேண்ட்

உருகி ஒட்டும். நாடா கட்டுங்கள்.

அச்சிட்ட தாளை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பை விட்டுவிடுவது

பிடிஎஃப் பேட்டர்னை அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாக விழுந்திருந்தால் 97 சதவீதமாகச் சுருங்கி வரலாம். 92 செ.மீ. மார்புச் சுற்றில் அது கிட்டத்தட்ட 3 செ.மீ. சரிபார்ப்பதற்காகவே ஒரு சதுரம் அச்சாகி வருகிறது. அளந்து பார்த்துவிட்டு, அந்தச் சதுரம் உள்ள பக்கத்தை எறியாமல் மற்றத் துண்டுகளோடு சேர்த்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து எடுக்கும்போது இந்தத் தாளை நம்பலாமா என்று அது சொல்லும். கோப்புக்கும் உடுப்பின் பெயரையே வைத்து, தையல் குறிப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு, இன்னோர் இடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை முதலில் வாங்குவது

ஒரே அளவில் ஒரு டஜன் பெட்டி வாங்கிவிட்டுப் பேட்டர்னை அதற்குள் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் கையில் என்ன இருக்கிறது என்று விரித்துப் பாருங்கள். காலர், பாக்கெட், குழந்தை உடுப்பு ஏ4 கவருக்குள் அடங்கும். பேன்ட், நீளப் பாவாடைத் துண்டுகளைப் பத்தாக மடிப்பதைவிட மேல் ஓரத்தில் துளை போட்டுக் கொக்கியில் தொங்கவிடலாம், வெயில் படாத இடமாக இருந்தால். அடிக்கடி தைக்கும் ஒன்றிரண்டை அட்டையில் வெட்டி வைத்தால் ஓரம் தேயாது. கவர்களைப் பேட்டர்ன் எண் வரிசையில் அடுக்க வேண்டாம். "எனக்கு ஒரு பேன்ட் வேண்டும்" என்றுதான் தேடப் போகிறோம், 4017 வேண்டும் என்று யாரும் தேடுவதில்லை.

அந்தப் பெண்ணின் கைத்துண்டுக்கு வருகிறேன். குவியலில் மூன்று முன்பக்கங்கள், மூன்று பின்பக்கங்கள் கிடைத்தன. கையின் மேல் வளைவுத் தையல் கோட்டை டேப்பை நிமிர்த்தி வைத்து அளந்தோம், 47 செ.மீ. ஒவ்வொரு ஜோடியின் கைக்குழியையும் அதேபோல் அளந்தோம். 42, 45, 48. கைக்குழியைவிடக் கையின் வளைவு சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் தோளில் உருண்டு உட்காரும். இரண்டாவது ஜோடியோடு நாட்ச்சுகளும் பொருந்தின. அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்து மூன்று துண்டுகளிலும் எழுதினாள். மீதி இரண்டு ஜோடிகளுக்குக் கை கிடைக்கவில்லை.