கடல்வழி முற்றுகை: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையிலோ செங்கடலிலோ பதற்றம் என்று செய்தி வரும்போதெல்லாம் திருநெல்வேலிச் சீமையில் பேச்சு பெட்ரோல் விலையில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நாம் இதை இன்னும் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

போர்க்கப்பல்கள் வரிசையாக நின்று வழியை மறித்தால்தான் வணிகம் நிற்கும் என்று நினைப்பது முதல் தவறு. முற்றுகை சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால் உண்மையிலேயே கப்பல்களைத் தடுக்கும் வலிமை அதற்கு இருக்க வேண்டும் என்று 1856ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் வரையறுத்தது. அது சட்டத்தின் அளவுகோல். சந்தைக்கோ அச்சமே போதும். துணிந்த ஆளை இன்றும் நம் ஊரில் "அவன் பெரிய எம்டன்லா" என்பார்கள். அந்தச் சொல்லைத் தந்த ஜெர்மானியக் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது; எந்தத் துறைமுகத்தையும் அது முற்றுகையிடவில்லை என்றாலும், வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் புறப்படவே தயங்கின. 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதிக் கிளர்ச்சிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோதும் இதுவே நடந்தது. போர் அபாயக் காப்பீட்டுக் கட்டணம் கப்பலின் மதிப்பில் 1 விழுக்காடு வரை ஏறியது. 500 கோடி ரூபாய்க் கப்பல் ஒன்று ஒரே ஒரு தடவை கடந்து செல்ல 5 கோடி என்றால், கப்பல்காரர் வேறு வழி பார்க்காமல் என்ன செய்வார்?

அந்த வேறு வழியைப் பற்றிய கணக்கில்தான் பெரிய தவறு நேர்கிறது. சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஏறத்தாழ 10 முதல் 14 நாள் கூடும். பலரும் அதற்கான எரிபொருள் செலவை மட்டும் கூட்டிவிட்டு, சுமை இவ்வளவுதான் என்று முடித்துக்கொள்கிறார்கள். நெல்லையிலிருந்து தென்காசிக்கு ஆலங்குளம் வழியாக ஓடும் பேருந்துகளெல்லாம் ஒருநாள் அம்பாசமுத்திரம் சுற்றிப் போக வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். டீசல் செலவு கூடுவது இருக்கட்டும். அதே பேருந்துகளால் ஒரு நாளில் முன்பு அடித்த நடைகளை அடிக்க முடியாது, ஆகவே ஒரு பேருந்துகூடக் குறையாமலே நிறுத்தத்தில் கூட்டம் தேங்கும். கடலிலும் அப்படித்தான்: உலகில் கப்பல்களின் எண்ணிக்கை மாறாவிட்டாலும் ஏற்றிச் செல்லும் திறன் சுருங்குகிறது, காலிக் கண்டெய்னர்கள் திரும்பி வரத் தாமதமாகின்றன, செங்கடல் பக்கமே போகாத சரக்குக்கும் கட்டணம் ஏறுகிறது.

இதை மருந்துக்காக ஏற்றுமதியாகும் நம் அவுரி இலையை வைத்தே பார்க்கலாம். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக் காடுகளை ஒட்டிய மானாவாரி நிலங்களில் விளைந்து, உலகச் சந்தையில் டின்னவேலி சென்னா என்று நம் ஊர்ப் பெயரிலேயே விற்கும் அந்த இலை, நிழலில் உலர்ந்து, சாக்குப் பொதியாக அழுத்திக் கட்டப்பட்டு, தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறுகிறது. அங்கிருந்து பல பெட்டிகள் சிறு கப்பலில் கொழும்புக்குச் சென்று தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. தாய்க்கப்பல் பத்து நாள் பிந்தினால் பொதி கொழும்பில் காத்துக் கிடக்கும். வியாபாரியின் பணம் அங்கே முடங்கும். அடுத்த கொள்முதலுக்குக் கையில் காசில்லாமல் அவர் விலையைக் குறைத்துக் கேட்பார். ஏமன் கரையில் பறந்த ஏவுகணையின் பாதிப்பு விவசாயியிடம் வந்து சேரும் பாதை இதுதான்.

கச்சா எண்ணெய் மட்டுமே பாதிக்கப்படும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2022இல் உக்ரைன் போரால் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டபோது நம் கடைகளில் விலை ஏறியது சூரியகாந்தி எண்ணெய். அந்த மார்ச்சில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. வளைகுடாவிலிருந்து யூரியாவும் அம்மோனியாவும் வருகின்றன. யூரியா மூட்டையின் விலையை அரசு கட்டி வைத்திருப்பதால், தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல்லுக்கு உரம் வாங்குபவர் விலையில் மாற்றம் காணமாட்டார். மானியச் சுமையாகவும், கூட்டுறவுச் சங்க வாசலில் மூட்டை இல்லை என்ற பதிலாகவும் அந்தப் பாதிப்பு வெளிப்படும். கடை விலை ஏறவில்லை, ஆகவே பாதிப்பில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களின் நிலத்தடிக் கிடங்குகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் சேமிக்க இடமிருப்பதைச் சொல்லி ஆறுதல் கொள்வோரும் உண்டு. ஆனால் நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி, அதில் பெரும்பகுதி ஹோர்முஸ் வழி. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் எரிவாயு சிறு பங்கே என்பதால், அந்த இருப்பு வீட்டு வாசலில் இறங்கும் சிலிண்டருக்கு ஈடாகாது.

வழி திறந்த மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பி ஒப்பந்தம் போடுவது கடைசித் தவறு. 1967இல் மூடப்பட்ட சூயஸ் 1975இல் திறந்தபோது, இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் முனையைச் சுற்றுவதற்கென்றே கட்டப்பட்ட மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் பலவற்றால் சரக்கோடு கால்வாய்க்குள் நுழையவே முடியவில்லை. காப்பீட்டாளரும் கப்பல் நிறுவனங்களும் மெல்லத்தான் திரும்புவார்கள். ஆகவே ஆறு மாதத்துக்குச் சேர்த்து விலை பேசும் நம் ஏற்றுமதியாளர்கள், கப்பல் கட்டணம் உயர்ந்தால் அந்த உயர்வு வாங்குபவருக்கா விற்பவருக்கா என்பதைக் கையெழுத்திடும் முன்பே தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.