நின்றால் கொதிக்கும், ஓடினால் ஆறும்: பழைய காரில் ரேடியேட்டர் ஃபேன் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

சென்ற ஆண்டு கத்திரி வெயிலில், பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான நெரிசலில் மாட்டிக்கொண்டபோது என் காரின் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. செங்கல்பட்டிலிருந்து வண்டலூர் வரை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தவரையில் நடுவிலேயே அசையாமல் நின்ற முள் அது. இருபது வயதைக் கடந்த பெட்ரோல் கார் என்பதால் ‘வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தெர்மோ சுவிட்ச் (சூடு ஏறியதும் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்ச்), ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஃபேன் மோட்டார் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் செலவழித்த பிறகுதான், பேட்டரிக்குக் கீழே இருந்த துருப்பிடித்த எர்த் போல்ட் (மைனஸ் வயரைக் காரின் உலோக உடலோடு இணைக்கும் போல்ட்) ஒன்றே காரணம் என்று தெரிந்தது. அந்த ஆறாயிரத்தை நீங்கள் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பானெட்டைத் திறப்பதும் பேட்டரியின் இரு முனைகளை அடையாளம் காண்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முள் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள்

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்தாக வேண்டும். ஆகவே நெடுஞ்சாலையில் சரியாக இருந்து, சிக்னலில் மட்டும் முள் ஏறினால் சந்தேகம் முதலில் ஃபேன் மீதுதான் விழ வேண்டும். நெடுஞ்சாலையிலேயே ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயிலை அளக்கும் கம்பியில் மோர் போன்ற வெளிறிய நுரை ஒட்டியிருந்தாலோ, எஞ்சின் ஓடும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் குமிழிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் வண்டியை ஓட்டாமல் நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விடுங்கள்.

சாலையில் முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். மே மாதத்தில் இது கொடுமையான யோசனையாகத் தோன்றும். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான் என்பதால், ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியேற்றும்.

கூலன்டும் மூடியும்

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். 0.9 பார் என்று குறிக்கப்பட்ட மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரின் கொதிநிலையை 100 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 118 டிகிரிக்கு உயர்த்திவைத்திருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்த அழுத்தம் நொடியில் விலகி, 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் அங்கேயே கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டு மெதுவாகத் திறந்தால் போதும் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மூடியின் ரப்பர் வளையம் விறைத்தோ வெடித்தோ இருந்தால் மூடியை மாற்றிவிடுங்கள். இந்தப் பட்டியலில் மிக மலிவான பாகம் அதுதான்.

கூலன்ட் குறைந்திருந்தால், எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஹோஸ் கிளாம்ப்களின் அருகே வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். நிரப்புவதற்குப் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. வீட்டுக் குழாயின் முனையில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையும் கூலன்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே என் வழக்கம். பழைய கூலன்டைத் தெருவில் கொட்டாதீர்கள். அதிலுள்ள கிளைக்காலின் இனிப்புச் சுவைக்கு நாய்கள் நக்கிக் குடிக்கும், குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும்.

ஃபேன் சுழல்கிறதா?

இனிமேல் செய்யப்போகும் சோதனைகளில் கையும், துப்பட்டாவும், சட்டை நுனியும் ஃபேனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடத் தொடங்கும்.

எஞ்சினை நிழலில் ஓடவிட்டு, முள் நடுவைத் தாண்டும்வரை காத்திருங்கள். ஏறத்தாழ 95 டிகிரியில் ஃபேன் ஓடத் தொடங்கி, சில நிமிடங்களில் தானாக நின்று, மீண்டும் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ரிலேக்கு வாருங்கள். பெரும்பாலான ரிலேக்களின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 85, 86 இரண்டும் காயிலின் (ரிலேயை இயக்கும் காந்தச் சுருளின்) முனைகள், 30 பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம், 87 ஃபேனுக்குப் போகும் வழி. அதே எண்ணும் அதே வடிவமும் கொண்ட ஹார்ன் ரிலே பக்கத்திலேயே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ‘டிக்’ என்று சத்தம் வருவதை மட்டும் வைத்து ரிலே நல்லது என்று முடிவுசெய்யாதீர்கள். காயில் வேலை செய்வதையே அந்தச் சத்தம் சொல்கிறது, உள்ளே இருக்கும் முனைகள் கருகியிருந்தாலும் அது வரும்.

அடுத்து, ரிலேயைக் கழற்றிவிட்டு, சாவியை ஆன் செய்து, சாக்கெட்டின் 30, 87 ஆகிய இரண்டு துளைகளையும் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்த் துண்டால் இணையுங்கள். கழற்றும் முன் சாக்கெட்டையும் ரிலேயின் அடிப்பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டால் துளை மாறாது. ஃபேன் முழு வேகத்தில் சுழன்றால் மோட்டாரும் வயரும் நலம். கோளாறு ரிலேயிலோ, அதை இயக்கும் தெர்மோ சுவிட்சிலோ, சென்சாரிலோ இருக்கிறது. சுழலவில்லை என்றாலோ, சோம்பலாக நாலு சுற்றுச் சுற்றி நின்றாலோ, நான் ஆறு வாரம் சிக்கிக் கிடந்த இடத்துக்கு நீங்களும் வந்துவிட்டீர்கள். மோட்டார் சுழலாமல் நிற்கும்போது மின்சாரத்தை ஐந்து பத்து நொடிகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி சூடேறிக் கருகிவிடும்.

12 வோல்ட் என்று பொய் சொன்ன மீட்டர்

நான் செய்தது இதுதான். ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.4 வோல்ட் காட்டியது. மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது, ஃபேன் ஓடவில்லை, எனவே மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து ஒரு பழைய மோட்டாரை வாங்கி மாட்டினேன். அதுவும் ஓடவில்லை. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதே மோட்டாரைத் தன் மேசையிலிருந்த பேட்டரியில் நேரடியாகக் கொடுத்துக் காட்டினார். மேசையின் மேலிருந்த பில்கள் பறந்தன.

மீட்டர் தவறாகக் காட்டவில்லை. நான்தான் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். அதன் வழியே போகும் மின்சாரம் மைக்ரோஆம்பியர் கணக்கில் இருப்பதால், வழியில் துரு இருந்தாலும், பத்து இழைகளில் ஒன்பது அறுந்திருந்தாலும், 12 வோல்ட் குறையாமல் தெரியும். மோட்டார் அப்படி இல்லை. துருப்பிடித்த ஓர் இணைப்பில் ஒரே ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 5 ஆம்பியர் ஓடும்போது அந்த இணைப்பு மட்டும் 5 வோல்ட்டைத் தின்றுவிடும், மோட்டாருக்கு மிச்சம் 7 வோல்ட்தான். தெருக்குழாயை மூடிவைத்துவிட்டு அழுத்தத்தை அளப்பதற்கும், திறந்துவிட்டுக் குடம் நிரம்புகிறதா என்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

எனவே அளவை, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். ஃபேன் கனெக்டரை மாட்டியே வையுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயத் தண்டின் மீதே அழுத்துங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப் மீது வைத்தால், கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் கோளாறு கணக்கில் வராது. சிவப்பு முனையை, ஃபேன் கனெக்டரின் பின்புறமாக எர்த் வயரோடு ஒரு குண்டூசியைச் செருகி அதில் தொடுங்கள். இப்போது உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ரிலே சாக்கெட்டில் அந்த வயர்த் துண்டைச் சில நொடிகள் மட்டும் செருகச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பாதை நல்லது. எனக்கு 4.8 வோல்ட் காட்டியது.

அதன் பிறகு சிவப்பு முனையை ஒவ்வோர் இடமாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வர வேண்டும். எர்த் வயரின் முனையிலுள்ள வளைய லக்கில் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையத்தில்) தொட்டேன்: 4.7. லக்குக்கு அரை அங்குலம் தள்ளி, பாடித் தகட்டைச் சுரண்டி அங்கே தொட்டேன்: 0.1. அந்த அரை அங்குலத்துக்குள் 4.6 வோல்ட் காணாமல் போயிருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது லக்கின் அடிப்பக்கம் முழுவதும் பச்சையும் பழுப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பல ஆண்டுகளாகப் பேட்டரி ஆசிட் ஆவி மேலிருந்து இறங்கிப் பட்ட இடம் அது. போல்ட்டின் தலை மட்டும் புதிதுபோல் பளபளத்ததால்தான் எலக்ட்ரீஷியன் ஒருவரும் அதைப் பார்த்துவிட்டுக் கடந்துபோயிருந்தார்.

எர்த் பக்கம் சரியாக இருந்தால் இதே சோதனையைப் பிளஸ் பக்கத்திலும் செய்யுங்கள்: சிவப்பு பேட்டரியின் பிளஸ் தண்டில், கறுப்பு மோட்டாரின் பிளஸ் வயரில். ஃப்யூஸ், ரிலே சாக்கெட், இணைப்புகள் எல்லாம் நடுவில் இருப்பதால் அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் நன்றாக இருந்து ஃபேன் மட்டும் ஓடவில்லை என்றால்தான் மோட்டாரை மாற்ற வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சொல்லப்போனால், விலை உயர்ந்த மீட்டரைவிட எனக்கு இதுவே பிடிக்கும். டிம் இழை போய், பிரைட் இழை மட்டும் நன்றாக இருக்கும் ஹெட்லைட் பல்பு ஒன்று எந்த மெக்கானிக் கடையிலும் குப்பைக்கூடையில் கிடைக்கும். அதற்கு இரண்டு வயர்களைச் சேர்த்து, ஃபேன் கனெக்டரில் மோட்டாருக்குப் பதிலாகக் கொடுங்கள். 60 வாட் இழை ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும். நேரடியாகப் பேட்டரியில் கொடுத்தால் எரிவதுபோலவே வெள்ளையாக எரிந்தால் பாதை நல்லது. மஞ்சளாக மங்கினால் வழியில் எங்கோ திருட்டு நடக்கிறது. கண்ணாடி கைபட முடியாத அளவுக்குச் சுடும் என்பதால் பிளாஸ்டிக் மீது வைக்காதீர்கள். இந்தப் பல்பை ஈசியூவுக்கோ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிக்கோ) சென்சாருக்கோ போகும் மெல்லிய வயர்களில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது, ஈசியூ கருகிப்போகும். ஏர்பேக் உள்ள கார்களில் மஞ்சள் உறையிட்ட வயர்களின் பக்கமே போக வேண்டாம்.

சரிசெய்தல்

பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டு, லக்கையும் அது அமரும் தகட்டையும் உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பெயின்ட் மிச்சம் இருந்தால் தேய்த்ததில் பயனில்லை. ஆசிட் படிந்த இடத்தை முதலில் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உலரவிட்டுத் தேயுங்கள். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முன்பே தடவி இறுக்க வேண்டாம். எனக்கு மொத்தம் இருபது நிமிடமும் ஓர் உப்புத்தாளும் ஆயின. மறுபடி அளந்தபோது 4.8 இருந்த இடத்தில் 0.08 வோல்ட் இருந்தது; ஃபேன் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள்.

கூலன்டை மாற்றியிருந்தால் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் ஓட்டாதீர்கள். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிட்டுக் குமிழிகள் நிற்கும்வரை கூலன்டை ஊற்றிக்கொண்டே இருந்து, மட்டம் பொங்கத் தொடங்குமுன் மூட வேண்டும்.

இதைப் படித்தவர்கள் கேட்டதையொட்டிச் சேர்த்தவை

ஃபேன் இடைவிடாமல், சாவியை எடுத்த பிறகும் மணிக்கணக்கில் ஓடிப் பேட்டரியைக் காலி செய்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ரிலேயைக் கழற்றியதும் நின்றது என்றார். அப்படியானால் அதன் உள்முனைகள் உருகி ஒட்டியிருக்கலாம். புது ரிலே போட்ட பிறகும் ஓடினால், சென்சாரின் கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் தொடர்பு அறுந்தால் பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும்படி பல ஈசியூக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொருவரின் சிக்கல் எனக்குத் தோன்றியே இருக்காது. புது மோட்டார் போட்டு, ஃபேன் முழு வேகத்தில் ஓடியும், சிக்னலில் நின்றால் முள் ஏறிக்கொண்டே இருந்தது. கனெக்டர் பொருந்தாததால் வயர்களை வெட்டி முறுக்கி இணைத்தபோது பிளஸும் மைனஸும் மாறியிருந்தன. டிசி மோட்டார் என்பதால் ஃபேன் எதிர்த் திசையில் சுழன்று, உள்ளிழுக்க வேண்டிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பம்பருக்கு முன்னால் நின்று, ரேடியேட்டர் கிரில்லில் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஃபேன் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் கார்களில் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் கையிலிருந்த தாள் அவரை நோக்கிப் பறந்தது. வயர்களை மாற்றி இணைத்த பிறகு ஒட்டிக்கொண்டது என்று அன்று மாலையே படம் அனுப்பியிருந்தார்.