மிஸ் பண்ணும் பழைய எஞ்சின்: பிளக்கை மாற்ற முன்னர் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில், விற்றுவிடலாம் என்று வைத்திருந்த டி.எக்ஸ் வேகனும் லான்சரும் சன்னியும் திருகோணமலை வீட்டு முற்றங்களிலேயே தங்கிவிட்டன. இன்றைக்குப் புதுக் காரின் விலையைக் கேட்டால் பழையதே போதும் என்றுதான் தோன்றும். ஆக, எஞ்சின் மிஸ் பண்ணினால், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டரில் நெருப்புப் பிடிக்காமல் உதறினால், திருத்தித்தான் ஓட வேண்டும். திருத்துகிற வேலை பெரும்பாலும் சின்னது. எதைத் திருத்துவது என்று தெரியாமல் போகிற காசுதான் பெரியது.

வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் பிளக் நாலும் மாறும். மிஸ் நிற்காது. அப்புறம் பிளக் வயர், அப்புறம் பொறிக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் கொயில், அதுவும் சரிவராவிட்டால் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். ஏதோ ஒரு கட்டத்தில் மிஸ் நின்றால்கூட எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒரே நாளில் மூன்று சாமான் மாறியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓடிப்பார்ப்பது மெதுவான வேலைதான். ஆனால் அப்படிச் செய்தால்தான் வந்த பதிலை நம்பலாம்.

கழற்றிய பிளக்கை அப்படியே குப்பையில் போடுவது இதில் மோசமான பழக்கம். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று வெளிர் மண்ணிறத்தில் இருந்து, ஒன்று மட்டும் கறுத்துப் பெற்றோலில் நனைந்திருந்தால், அந்தச் சிலிண்டரில்தான் நெருப்புப் பிடிக்கவில்லை. நாலும் ஒரே மாதிரிக் கறுத்துக் கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, சோக்கையும் காபரேட்டரையும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று கூடுதல், இல்லையென்றால் பிளக் அந்த எஞ்சினுக்கு அளவுக்கு மீறிச் சூடான வகை. என்.ஜி.கே பிளக்கில் வெப்ப எண் கூடக்கூடக் குளிர்ந்த வகை. கடையில் ஐந்தாம் எண் இல்லையென்று ஏழைத் தந்தால் வாங்காதீர்கள். மரை பொருந்தும், ஆனால் மெதுவான ஓட்டத்தில் கரி படியும்.

அடுத்த தவறு, கராஜில் போய் “மிஸ் பண்ணுது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுப்பது. எப்போது மிஸ் பண்ணுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. “நானா, காலையில நல்லா ஓடுது, மேட்டுல மட்டும் இழுக்குதில்ல” என்று சொன்னால், கிண்ணியாவிலிருந்து வந்து கராஜ் போட்டிருக்கும் அந்த மனிதர் எங்கே கைவைப்பது என்று உடனே யோசிப்பார்.

மேட்டில் மட்டும் என்றால் காரணம் இருக்கிறது. உவர்மலை ஏறும்போது அக்சிலரேட்டரை மிதிக்கிறோம், சிலிண்டருக்குள் காற்று நிறையப் புகுகிறது, அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கத்தில் பொறி பாய அதிக வோல்ட் தேவை. பலவீனமான கொயிலோ, தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்கோ, வெடித்த வயரோ சமதரையில் சமாளித்துவிட்டு மேட்டில் கையை விரிக்கும். பெற்றோல் பில்டர் அடைத்திருந்தாலும் மேட்டில்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பொறி தவறினால் வெட்டி வெட்டி உதறும். பெற்றோல் போதாவிட்டால் இழுவை மெல்ல மெல்லச் சோரும்.

ஐட்லிங்கில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது மட்டும் உதறி, வேகம் கூட்டச் சீராகிறது என்றால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். பிரேக் பூஸ்டர் குழாய், காபரேட்டர் அடியில் உள்ள கஸ்கட், வெடித்த ரப்பர் ஹோஸ்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இங்கே பலர் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவிட்டுச் சரி என்பார்கள். உதறல் மறையும், கசிவு அப்படியே இருக்கும், பெற்றோல் செலவு ஏறும்.

சூடேறிய பிறகு மட்டும் என்றால், அதுவும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் என்றால், இரண்டு சந்தேகம்: சூட்டில் கொயில் சோர்கிறது, அல்லது பம்பிலோ குழாயிலோ பெற்றோல் ஆவியாகிறது. ஆறிய பிறகு கராஜில் சோதித்தால் எதுவும் அகப்படாது. நின்ற இடத்திலேயே, கையைச் சுட்டுக்கொள்ளாமல், ஈரத் துணியைக் கொயில் மேல் போட்டுப் பாருங்கள். அதற்கு மசியாவிட்டால் பெற்றோல் பம்ப் மேல் போடுங்கள். எது ஆறியதும் எஞ்சின் உயிர் பெறுகிறதோ அதுதான் சந்தேக ஆள். புதுக் கொயில் போட்டும் சுடுகிறது என்றால், அது ரெசிஸ்டரோடு வேலை செய்ய வேண்டிய வகையா என்று பாருங்கள். அந்த வகையை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் கொயிலும் வேகும், கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்டும் கருகும்.

வாடை மாதங்களில் காலையில் மட்டும் என்றால் ஈரம். இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில், ஓடும் எஞ்சினின் பிளக் வயர்களில் தண்ணீரை மெல்லியதாக விசிறினால் நீலப் பொறி வெளியே தாவுவது கண்ணுக்கே தெரியும். தொடாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

ஓடும் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிப் பார்ப்பது பழைய வித்தை. அதில் போகிற மின்சாரம் 20,000 வோல்ட்டையும் தாண்டும். கைக்கு வருகிற அடியை விடுங்கள், போக வழியில்லாத வோல்ட் கொயிலின் உள் சுற்றையோ, எலக்ட்ரோனிக் இக்னிஷன் என்றால் அதன் மொடியூலையோ சுட்டுவிடும். இருந்த பழுதோடு இன்னொன்றும் சேரும். எஞ்சினை நிறுத்தி, ஒரு வயரைக் கழற்றி, அதை ஸ்பார்க் டெஸ்டர் வழியாக எர்த்தில் இணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் இன்னும் மோசமாக உதறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் அதுதான் தூங்குகிற சிலிண்டர். அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் பிளக், போகாவிட்டால் வேறு. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் இன்னொன்றையும் விட முடியாது. உப்புவெளி, நிலாவெளி பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் வாகனங்களில் செப்பு முனைகள் பச்சை பூத்துப்போகும். எஞ்சினிலிருந்து கார் பொடிக்கும் பற்றரிக்கும் போகும் எர்த் வயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது மேலே நன்றாக இருக்கும், போல்ட்டுக்குக் கீழே துரு தின்றிருக்கும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் பூசி முடுக்கினால் போதும். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது கரி வழி, பொறி அந்த வழியாகத் தப்பிப் போகிறது. துடைத்தாலும் திரும்ப வரும், மூடியை மாற்றத்தான் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த டிஸ்ட்ரிபியூட்டர் முழுதாக எடுப்பவர்கள் மூடியைத் திறந்து பார்த்து, தண்டை ஆட்டிப் பார்த்து எடுப்பது நல்லது.

காரின் கணினியில் பதிந்த பழுதைப் படிக்கும் ஸ்கானர் மீது அளவு மீறிய நம்பிக்கை வேறு. தொண்ணூறுகளின் ஜப்பான் கார் பலவற்றில் பொதுவான ஸ்கானர் பேசவே பேசாது. பேசினாலும், மிஸ் ஆகும்போது எரியாத காற்று சைலன்சருக்குள் போவதால் ஒட்சிசன் சென்சர் “பெற்றோல் குறைவு” என்று சொல்லும். சென்சர் பொய் சொல்லவில்லை, அங்கே ஒட்சிசன் உண்மையிலேயே இருக்கிறது. அதை நம்பிச் சென்சரை மாற்றினால் காசுதான் நட்டம்.

கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுக்கப்படுகிறது என்று பார்ப்பதைக் கடைசிக்கு ஒதுக்குவதும் சரியில்லை. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, பொறியையும் பெற்றோலையும் நிறுத்தி, அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகியுங்கள். வால்வ் சத்தம் கேட்கக்கூடாது என்று இறுக்கி வைத்த எஞ்சின்களில் வெளியேற்று வால்வ் முழுதாக மூடாமல் எரிந்துபோவதுண்டு. டிக் டிக் என்று கொஞ்சம் சத்தம் போடும் எஞ்சினே பரவாயில்லை.

ஒரு சிலிண்டர் தூங்கினாலும் ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் ஓடுபவர்கள் ஒயில் குச்சியை எடுத்து முகர்ந்து பார்க்கட்டும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஒயில் நீர்த்துப்போகும், ரிங் தேயும். சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டர் இருக்கிற காரென்றால் அந்தப் பெற்றோல் அங்கே போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

வேலை முடிந்ததும் கராஜ் வாசலில் ஐந்து நிமிடம் றேஸ் பண்ணிப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். மேட்டில் வந்த மிஸ் என்றால் உவர்மலை ஏறிப் பாருங்கள். சூட்டில் வந்ததென்றால் கன்னியாவோடு திரும்பாமல் மத்தியான வெயிலில் கந்தளாய்வரை போங்கள். ஈரத்தில் வந்ததென்றால் வெயில் நாளில் ஓடிப் பார்த்துப் பலனில்லை. “அடுத்த மழைக்குப் பார்த்துட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.