பழைய கட்டடங்களைப் படமெடுக்க: முதலில் வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

பயணத்தில் ஒரு கோட்டையையோ அரண்மனையையோ பார்த்ததும் கை தானாகப் போனைத் தூக்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், நேரில் மலைக்க வைத்த கட்டடம் படத்தில் தட்டையாக, பின்னால் சாய்ந்த மாதிரி நிற்கும். கேமரா பழசு என்று நினைக்க வேண்டாம். கட்டடம் நகராது, நகர்வது நீங்களும் சூரியனும்தான். எந்த நேரத்தில், எங்கே நின்று எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: திசையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிளம்புவதற்கு முந்தின நாள் மேப்பில் அந்த இடத்தைத் திறந்து, முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். விடியற்காலையில் முன்பக்கம் நின்றால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும்; கறுத்த நிழலுருவம் அழகாகக் கிடைக்கும், ஆனால் முகப்பின் கல்வேலை தெரியாது. அது வேண்டுமென்றால் பிற்பகலில் போக வேண்டும். எகிப்தின் அபு சிம்பெல், முகப்பில் பெரிய சிலைகள் உள்ள பாறைக்கோயில், கிழக்கு நோக்கியது. அங்கே காலை வெயில்தான் சிலைகளின் முகத்தில் விழும்.

நண்பகல் வெயிலை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். வானம் மேகம் மூடியிருந்தால் வருத்தப்படாதீர்கள். கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பளிங்குக்கு அந்த மெல்லிய வெளிச்சம் நன்றாகவே பொருந்தும்.

படி 2: எடுக்கும் முன் ஒரு சுற்று

போனைப் பையிலேயே வைத்துவிட்டுக் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எல்லோரும் படமெடுக்கும் வாசலைவிட, பக்கவாட்டு மூலையிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் பருமன் நன்றாகத் தெரியும். இரண்டு சுவர்களில் ஒன்று வெயிலிலும் மற்றொன்று நிழலிலும் இருந்தால் இன்னும் நல்லது.

படி 3: சாய்வைச் சரிசெய்யுங்கள்

புதிதாக எடுப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். உயரமான கோபுரம் முழுதும் வர வேண்டும் என்று போனை அண்ணாந்து பிடிக்கிறோம். உடனே சுவரின் இரண்டு ஓரங்களும் மேலே போகப்போக நெருங்கி, கட்டடமே பின்னால் விழுவது போல் ஆகிவிடுகிறது. சுவருக்கு இணையாகப் போன் செங்குத்தாக நின்றால் இந்தச் சிக்கல் வராது.

எனவே முதலில் கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை, அதாவது திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் நேர்கோடுகளை, ஆன் செய்யுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து, சுவரின் ஓரம் கிரிட் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். உச்சி வெட்டுப்படுகிறதா? பின்னால் நடங்கள். இடம் இல்லையென்றால் அகலக் கோண லென்ஸுக்கு மாறுங்கள். கீழே தரை அதிகம் வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதுவும் முடியாத இடத்தில் சாய்த்தே எடுங்கள், ஆனால் சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள். எடிட் செயலியில் சாய்வை நிமிர்த்தும்போது ஓரங்கள் பறிபோகும்.

படி 4: வானம் வெளுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

திரையில் கட்டடத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். இருண்ட பகுதியைப் பிறகு ஓரளவு மீட்கலாம்; முற்றிலும் வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது.

படி 5: உள்ளே போனதும்

முதலில் விதிகளைப் படியுங்கள். தாஜ் மகாலின் கல்லறை மண்டபத்துக்குள் படமெடுக்கத் தடை உண்டு. பல இடங்களில் முக்காலிக்கும் அனுமதி இல்லை. ஃபிளாஷை எங்கேயும் அணைத்தே வையுங்கள். நிழலில்தான் அந்த இடத்தின் ஆழமே இருக்கிறது, ஃபிளாஷ் அதைத் துடைத்துவிடும்.

கை நடுங்காமல் இருக்க, முழங்கைகளை விலாவோடு ஒட்டி மூச்சை மெல்ல விட்டபடி எடுங்கள். இரண்டு விநாடி டைமரும் உதவும். பழைய தூண்மேல் மட்டும் சாய வேண்டாம். ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனில் கூரையின் நடுவே ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் திறப்பு இருக்கிறது. அதன் வழியே விழும் ஒளி வட்டம் பொழுதோடு சேர்ந்து நகரும். இப்படிப்பட்ட இடத்தில் சும்மா நின்று காத்திருங்கள், அது எங்கே வந்தால் படம் ஆகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 6: கிட்டப் போங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒருமுறை ஒரு பழைய மண்டபத்தில் நண்பகலில் ஒரு தூணைப் பார்த்தேன். வெறும் சாம்பல் பரப்பு. மாலை நாலரை மணிக்கு வெயில் பக்கவாட்டில் உரசிச் சென்றபோது அதே தூணில் சிங்கத்தின் பிடரி சுருள் சுருளாக எழுந்தது. அடியில், யாரும் மெருகேற்றாமல் விட்ட மூலையில், உளி கொத்திய தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. அந்த ஒரு படத்தில் சிற்பியின் கை இருக்கிறது. தேய்ந்து நடுவில் குழிந்த படிக்கட்டு, கதவின் குமிழாணி, காரை உதிர்ந்து வெளியே தெரியும் செங்கல், இவற்றையும் விடாதீர்கள்.

கிளம்பும்போது வாசலில் உள்ள தகவல் பலகையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பத்து இடம் பார்த்துத் திரும்பிய பிறகு எந்தத் தூண் எந்த ஊரில் என்று குழம்பாமல் இருக்கலாம்.