பால் பற்றவில்லை என்பதற்கு முன்: டெல்டா வீடுகளில் தொடரும் தவறுகள்

காவிரிப் பாசனப் பகுதியில் இன்று பிரசவங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனாலும் குழந்தைக்கு யார் சேனை வைப்பது என்ற பேச்சு பிரசவ வார்டின் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. குணமுள்ள பெரியவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாவில் தொட்டு வைத்தால் அவர் குணம் குழந்தைக்கும் வரும் என்ற நம்பிக்கையின் பின்னுள்ள பாசத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஒரு வயது நிறைவதற்குள் தேன் கொடுத்தால், நரம்புகளைத் தாக்கும் பொட்டுலிசம் என்னும் நோய் வரக்கூடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குச் சேர வேண்டியது சீம்பால். மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அதைப் பீச்சிக் கொட்டிவிடுவது, நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த முதல் உணவையே கொட்டிவிடுவதாகும்.

அடுத்த தவறு இதிலிருந்தே கிளைக்கிறது. குழந்தை சப்பும்போதுதான் தாயின் உடலில் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் சுரந்து, அடுத்த வேளைக்கான பால் ஊறுகிறது. கத்திரி வெயிலில் நாக்கு வறளுமே என்று தண்ணீர், வயிற்றுக்கு உரைமருந்து, தெருவில் வரும் கழுதைப்பால் என ஒவ்வொன்றும் குழந்தையின் சிறிய வயிற்றை நிரப்ப, சப்புவது குறைகிறது, பாலும் குறைகிறது, பிறகு "அவளுக்குப் பால் பற்றவில்லை" என்று பால் மாவு டப்பா வீட்டுக்குள் வருகிறது. தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கும் மேல் நீர்தான் என்பதால், முதல் ஆறு மாதங்களுக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. முதல் வாரம் கழிந்தபின் குழந்தை நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் கூடி வந்தால் பால் போதுகிறது என்று பொருள். அழுகையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தாய்க்கு நல்ல உணவுதான். ஆனால் குழந்தை சப்பாத மார்பில் அவை பாலைப் பெருக்கிவிடா. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது வீண் கொடுமை.

பாலூட்டுவதால் தாயின் கருப்பை சுருங்கி, பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு குறைகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் குறைகிறது. ஆனால், பால் கொடுக்கும்வரை கரு தரிக்காது என்று பொத்தாம்பொதுவாக நம்பக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாதிருந்தால்தான் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும்.

நடவுக்குப் போய்வரும் தாய்மாரிடம், வெயிலில் பால் சூடாகியிருக்கும், முதலில் பீச்சிவிட்டுக் கொடு என்று சொல்வது இங்கு வழக்கம். பால் எப்போதும் உடலின் வெப்பத்திலேயே இருப்பதால் அப்படிக் கொட்ட வேண்டியதில்லை. கை, மார்பைக் கழுவிவிட்டு உடனே கொடுக்கலாம். வயலுக்குக் கிளம்பும் முன் சுத்தமான மூடியிட்ட பாத்திரத்தில் பீச்சி, நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டால், மூன்று மணி நேரத்துக்குள் பாட்டி அதைப் பாலாடையில் புகட்டலாம், புட்டி வேண்டாம்.