மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தித் தொடரச்செய்யும் நிரல்: மதிப்பாய்வில் எதைப் பார்ப்பது

மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியை, இடைநிறுத்தி மீண்டும் ஓடவிடும் நிரல் மாற்றம் மதிப்பாய்வுக்கு வரும்போது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: இரண்டு ஃபங்ஷன்கள், நிலையைக் குறிக்கும் ஒரு புதிய மதிப்பு, நான்கைந்து சோதனைகள். அரைமணி நேரத்தில் ஒப்புதல் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நானும் அப்படிக் கொடுத்து, பிறகு வருந்தியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, கியூஎமு-கேவிஎம் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) மேல் ஓடும் இயந்திரங்களை லிப்வர்ட் (அவற்றுக்குக் கட்டளையிட உதவும் நிரலகம்) வழியாக நிர்வகிக்கும் ஒரு சேவையில், பேக்கப் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்திவைக்கும் வசதி சேர்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நிரலைப் படிக்குமுன் அதில் வரும் பெயர்களைப் படியுங்கள். லிப்வர்ட்டில் ‘சஸ்பெண்ட்’ என்றால் இயந்திரத்தின் சிபியுக்கள் மட்டும் நிற்கும்; அதன் நினைவகம் முழுவதும் ஹோஸ்டின், அதாவது அதைத் தாங்கும் உண்மைக் கணினியின், ரேமிலேயே இருக்கும். மேகக் கணினிச் சேவைகளை நடத்தப் பயன்படும் ஓப்பன்ஸ்டாக்கின் நோவா பகுதியில் இதே செயலுக்குப் பெயர் ‘பாஸ்’. அங்கே ‘சஸ்பெண்ட்’ என்பது நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு இயந்திரத்தை ஹோஸ்டிலிருந்து இறக்கிவிடும் வேறொரு செயல். கெஸ்ட் இயங்குதளம், அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் இயங்குதளம், தானே உறங்கப்போவது மூன்றாவது வகை. மாற்றத்தை எழுதியவர் இவற்றில் எதைக் கருதினார் என்பது ஃபங்ஷன் பெயரிலோ கமிட் குறிப்பிலோ (மாற்றத்தோடு எழுதப்படும் விளக்கம்) தெளிவாக இல்லையென்றால், முதல் கருத்தாக அதையே கேளுங்கள். இது வெறும் சொல் திருத்தம் அல்ல. நிறுத்திவைத்த இயந்திரத்தின் ரேமைக் காலியானதாகக் கணக்கில் காட்டி, அந்த இடத்தில் இன்னொரு இயந்திரத்தை ஏற்றும் பிழை இந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறக்கிறது.

அடுத்து, நிறுத்தும் பகுதியை விட்டுவிட்டுத் தொடரச்செய்யும் பகுதியை முதலில் படியுங்கள். நிறுத்துவது எளிது, தான் நிறுத்தியதை மட்டுமே திரும்ப ஓடவிடுவதுதான் கடினம். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், ஊடுருவல் நடந்திருக்கலாம் என்ற ஐயத்தில் நிர்வாகி ஒருவர் மாலையில் ஓர் இயந்திரத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சென்றார். நள்ளிரவில் பேக்கப் வேலை வந்து, அதை ‘நிறுத்தி’, படியெடுத்து, ஒழுங்காக ஓடவிட்டுவிட்டுப் போனது. காலையில் அந்த இயந்திரம் வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. அந்த நிரலில் இருந்தவை நான்கே படிகள்: நிறுத்து, வெற்றியா என்று பார், படியெடு, தொடரச்செய். ஒவ்வொரு படியும் தனியே பார்த்தால் சரிதான். ஏற்கெனவே நின்றிருக்கும் இயந்திரத்துக்கு ‘சஸ்பெண்ட்’ கட்டளை கொடுத்தால் லிப்வர்ட் பிழை சொல்வதில்லை, வெற்றி என்றே திரும்புகிறது என்பதை அந்த மாற்றத்தை ஒப்புக்கொண்ட எவரும், நான் உட்பட, யோசிக்கவில்லை.

இதற்கு வழக்கமாக முன்வைக்கப்படும் திருத்தம், முன்பே நின்றிருந்ததா என்று ஒரு பூலியன் (ஆம்/இல்லை) மாறியில் குறித்துவைப்பது. அதையும் அப்படியே ஏற்காதீர்கள். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும் இடைவேளையில் நிர்வாகி நிறுத்தச் சொன்னால், அந்த வேண்டுகோள் ‘வெற்றி’ என்று திரும்பும். பேக்கப் முடிந்ததும் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். நிறுத்தச் சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு இருந்து, கடைசிப் பதிவு நீங்கும்போது மட்டுமே இயந்திரம் ஓடவேண்டும் என்ற அமைப்பே இங்கு பொருந்தும். வெறும் எண்ணிக்கை வைத்தாலும் போதாது. ஒரே ஆள் இருமுறை விடுவித்தால் கணக்கு தவறிவிடும். அந்தப் பதிவுகள் நினைவகத்தில் மட்டும் இருக்கின்றனவா, சேவை மறுதொடக்கமானால் பிழைக்குமா என்றும் பாருங்கள்.

லிப்வர்ட் ஓர் இயந்திரம் நின்றிருக்கிறது என்று மட்டும் சொல்வதில்லை, ஏன் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது: பயனர் கேட்டதால், வேறு ஹோஸ்டுக்கு மாற்றும் இடப்பெயர்வால், உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழையால் எனப் பல காரணங்கள் உண்டு. மாற்றத்தில் நிலை மட்டும் படிக்கப்பட்டு, காரணம் படிக்கப்படாமல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஹோஸ்டின் வட்டு நிரம்பி, கெஸ்டின் எழுத்து தோல்வியடைந்தால் கியூஎமு இயல்பாகவே இயந்திரத்தை நிறுத்திவிடும். இடம் ஒதுக்காமல் அதை ஓடவிட்டால் அதே எழுத்தில் மீண்டும் நிற்கும். இடப்பெயர்வு முடிந்து மூல ஹோஸ்டில் நின்றிருக்கும் பிரதியை ஓடவிட முயல்வதோ இதைவிட மோசம், ஏனெனில் ஒரே வட்டில் எழுத இரண்டு இயந்திரங்கள் முனைகின்றன.

பேக்கப்புக்கான மாற்றத்தில் வரிசையைக் கூர்ந்து பாருங்கள். சிபியுக்களை நிறுத்தினால் மட்டும் கெஸ்டின் கோப்பு முறைமை ஒழுங்கான நிலைக்கு வந்துவிடாது. கெஸ்டின் நினைவகத்தில் எழுதப்படாமல் தங்கியிருப்பவை அங்கேயே இருக்க, வட்டின் படி மின்சாரம் போன கணத்தில் எடுத்ததைப் போலிருக்கும். ஆகவே கெஸ்ட் ஏஜெண்ட் வழியாகக் கோப்பு முறைமையை உறையவைக்கும் (புதிய எழுத்துகளைத் தற்காலிகமாகத் தடுக்கும்) படியையும் சேர்ப்பார்கள். அந்த ஏஜெண்ட் கெஸ்டுக்குள் ஓடும் ஒரு நிரல் என்பதை மறந்து, முதலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பிறகு உறையவைக்கச் சொன்னால், பதில் சொல்ல அங்கே யாரும் விழித்திருக்கமாட்டார்கள். உறையவைத்தல், நிறுத்துதல், படியெடுத்தல், ஓடவிடுதல், உறைவு நீக்குதல் என்பதே சரியான வரிசை. படியெடுத்தல் தோல்வியடையும் பாதையிலும் கடைசி இரண்டும் இதே வரிசையில் நடக்கின்றனவா என்று விரல் வைத்துப் பின்தொடர்ந்து பாருங்கள்.

நிறுத்தும் கட்டளை உடனே முடிந்துவிடும் என்று பலர் கருதுகிறார்கள். சிபியுக்களை நிறுத்திய பின், நடுவழியிலுள்ள வட்டு வேலைகள் முடியும்வரை கியூஎமு காத்திருந்து, அவற்றை வட்டில் முழுமையாக எழுதிமுடித்த (ஃப்ளஷ் செய்த) பிறகே பதில் தருகிறது. வட்டுக் கோப்பு என்எஃப்எஸ் என்ற வலையமைப்பு வழிச் சேமிப்பகத்தில் இருந்து, அந்தச் சேமிப்பகம் பதில் சொல்லாமல் போனால், நிறுத்தும் கட்டளையும் அதோடு சேர்ந்து தொங்கும். எனவே டைம்அவுட்டை, அதாவது காத்திருப்பு நேரம் முடிந்துபோனதை, தோல்வியாகக் கருதி, ‘நிறுத்தவில்லை’ என்று பதிவு செய்யும் வரியைக் கண்டால் அங்கே நில்லுங்கள். சிபியுக்கள் அப்போதே நின்றிருக்கலாம். டைம்அவுட்டுக்குப் பின் உண்மை நிலை தெரியாது என்பதுதான் சரியான பதிவு. அதன்பின் லிப்வர்ட்டிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளவேண்டும்.

இந்தக் காத்திருப்பின்போது நம் சேவை எந்தப் பூட்டை (ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுப்பதை) பிடித்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. லிப்வர்ட் தானே கியூஎமுவோடு பேசும் நேரத்தில் இயந்திரத்துக்கான பூட்டை விட்டுவிடுகிறது, திரும்பி வந்ததும் இயந்திரம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்று மறுபடி பார்க்கிறது. நம் நிரலும் அப்படியே செய்யவேண்டும். பூட்டை விடுமுன் படித்த நிலையைப் பூட்டு திரும்பக் கிடைத்தபின் அப்படியே நம்பும் வரிகள் மாற்றங்களில் வியக்கத்தக்க அளவுக்கு அடிக்கடி வருகின்றன.

கடிகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நின்றிருந்த நேரம் கெஸ்டுக்குத் தெரியாது. அரைமணி நேரம் நிறுத்தினால் அதன் கடிகாரம் அரைமணி நேரம் பின்தங்கக்கூடும். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் நெறிமுறை வழக்கமாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும் என்பதால், ஓடவிட்ட உடனே உள்நுழைவுகள் தோற்கலாம். ஓடவிட்ட பின் கெஸ்ட் ஏஜெண்ட் வழியாக நேரத்தைத் திருத்தும் படி இருக்கிறதா, ஏஜெண்ட் இல்லாத இயந்திரத்தில் அந்தப் படி தோற்றால் மொத்தச் செயலும் தோல்வி என்று அறிவிக்கப்படுகிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை ஒன்றைப் பதிவுசெய்துவிட்டு மேலே செல்வதே என் விருப்பம்.

சோதனைகளில் நிறுத்து, ஓடவிடு, நிலை சரி என்ற ஒரு பாதை மட்டுமே இருந்தால் அது போதாது. முன்பே நின்றிருந்த இயந்திரத்துக்குப் பேக்கப் எடுக்கும் சோதனையையும், பேக்கப்பின் நடுவில் பயனர் நிறுத்தச் சொல்லும் சோதனையையும் கேளுங்கள். மூன்றாவதை நான் கையாலேயே செய்து பார்ப்பேன்: இயந்திரம் நின்றதும், படியெடுத்தல் முடியுமுன், நம் சேவையை சிக்னல் 9 அனுப்பிக் கொன்றுவிடுவேன். இயந்திரம் கியூஎமுவில் நின்றபடியே இருக்கும், கோப்பு முறைமை உறைந்தபடியே இருக்கும். சேவை மீண்டும் எழுந்ததும் அந்த இயந்திரத்தை யார், எந்தப் பதிவைப் பார்த்து ஓடவிடுவார்கள் என்ற கேள்விக்கு விடை கமிட் குறிப்பில் ஒரு வரியாக வரும்வரை ஒப்புதலை நிறுத்திவைப்பேன்.