மேட்டுப்பாளையம் மெமுவில் முதல் பயணம்: பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் படியுங்கள்

போன தடவை சென்னைக்குப் போனபோது ஆலந்தூரில் மெட்ரோ மாறினேன். நீலத் தடம் ஒரு தளத்தில், பச்சைத் தடம் இன்னொரு தளத்தில். யாரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. வண்டி போய்ச் சேரும் கடைசி நிலையத்தின் பெயரைத் திரை சொல்லிவிடுகிறது. ஏறிய பிறகு அடுத்த நிலையம் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வருகிறது. கடைசி நிலையத்தின் பெயர் தெரிந்தால் போதும், பயணம் முடிந்த மாதிரிதான்.

அதே பழக்கத்தோடு கோவை ஜங்ஷனுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நம்ம ஊர் மெட்ரோ இன்னும் காகிதத்தில்தான் ஓடுகிறது. அதுவரை நமக்கு நகர ரயில் என்றால் 1873-ல் போட்ட மேட்டுப்பாளையம் பாதையும் அதில் போய்வரும் மெமு எனப்படும் குறுந்தூர மின்சார வண்டிகளும்தான். துடியலூர்ப் பக்கம் புதிதாக வீடு பிடித்தவர்கள், காரமடையிலிருந்து கல்லூரிக்கு வரப்போகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

1. நிலைய வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்

கோவை ஜங்ஷன், வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம். மொத்தம் சுமார் 36 கி.மீ.தான். ரயில் செயலியில் தேடும்போது ஜங்ஷனுக்கு சி.பி.இ., வடகோவைக்கு சி.பி.எஃப். என்று வரும். ஓரெழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் கண் தப்பிவிடும். சாய்பாபா காலனிக்காரர்களுக்கு வடகோவைதான் பக்கம்.

2. டிக்கெட்

கவுன்ட்டரில் வாங்கலாம், ரயில்வேயின் ரயில்ஒன் செயலியிலும் எடுக்கலாம். செயலியில் எடுப்பதாக இருந்தால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். நிலையத்துக்குள் வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைத் தேடி ஸ்கேன் செய்யவேண்டியிருக்கும். அதற்காக முந்தின நாளே எடுத்து வைக்கவும் முடியாது, எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். சாதாரண வண்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் 30 ஆக இருந்தது, 2024 பிப்ரவரியில் பழையபடி இறங்கிவிட்டது.

3. பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். காலையில் ‘மேட்டுப்பாளையம்’ என்று பலகை மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்கு இன்னொரு வண்டியும் வரும். அது சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ், எண் 12671. போகும் ஊரும் அதே, தண்டவாளமும் அதே. ஆனால் உங்கள் கையிலிருக்கும் 10 ரூபாய் டிக்கெட் அதில் செல்லாது. பரிசோதகரிடம் சிக்கினால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், வித்தியாசக் கட்டணம் தனி.

அதனால் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 1 அல்லது 2 என்றால் நெடுந்தூர எக்ஸ்பிரஸ், 6 என்றால் மெமு. சிறப்பு வண்டி என்றால் 0-வில் தொடங்கும். கொரோனா காலத்தில் மெமுவுக்கும் முன்னால் இந்த 0-வை ஒட்டி வைத்திருந்தார்கள், 2025 தொடக்கத்தில்தான் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய கால அட்டவணைப் படங்களில் இன்னும் அந்த எண்தான் இருக்கிறது. அவற்றை அழித்துவிடுங்கள். எந்தெந்த நாள் ஓடும் என்பதையும் செயலியிலேயே பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும் வண்டிகளும் உண்டு.

4. காதைத் திறந்து வையுங்கள்

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று குரல் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் வண்டி எண்ணையும் அப்புறம் பிளாட்பார எண்ணையும் பிடியுங்கள். ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், திரையில் 3 என்று இருந்தது. அறிவிப்பில் 5 என்றார்கள். எழுத்தில் இருப்பதுதானே சரி என்று மூன்றிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தில் வந்த வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடிந்தது. பக்கத்திலிருந்த கருவேப்பிலைக் கட்டு அம்மா, “ஏனுங் கண்ணு, மைக்குல சொன்னாங்கல்ல, கேக்கலீங்களா?” என்றார். அவர் ஒரு தடவைகூட அந்தத் திரையை நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமில்லை. அன்றிலிருந்து இரண்டும் முரண்பட்டால் கடைசியாக வந்த அறிவிப்பைத்தான் நம்புகிறேன். அதோடு நீல, சாம்பல் சட்டைகளில் டிபன் பையுடன் கும்பல் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் ஒரு கண் வைத்துக்கொள்வேன்.

5. இறங்குவது

உள்ளே அடுத்த நிலையத்தைச் சொல்லும் திரை இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரயில் இருக்குமிடம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வையுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் செல்போன் கோபுரத்தை வைத்து இடம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. இடைநிலையங்களில் வண்டி அதிக நேரம் நிற்காது, முந்தின நிலையம் தாண்டியதுமே எழுந்து வாசல் பக்கம் வந்துவிடுங்கள். நெரிசலில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். “அண்ணா, துடியலூர் வந்துருச்சுங்களா?” என்றால் நாலு பேர் சேர்ந்து பதில் சொல்வார்கள், இரண்டு பேர் வழியும் விடுவார்கள்.

அப்புறம் ஒன்று. சாயங்காலம் திரும்பும் கடைசி மெமுவின் நேரத்தைக் காலையில் ஏறும்போதே பார்த்து வையுங்கள். அதை விட்டுவிட்டால் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும், நின்றுகொண்டே வரவேண்டியிருக்கும்.